அறுபத்து நான்கு கற்களும் ஒரு பொய்யும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக, பல்செட்டுக்காரர் தன் மனைவியிடம் ஒரு முழுப் பொய் சொல்வது என்று முடிவு செய்தார்.

அரைப் பொய், கால் பொய் எல்லாம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். “காபி பிரமாதம்”, “இந்தப் புடவையில நீ குண்டாவே தெரியல” என்பவையெல்லாம் அந்த ரகம். அவை குடும்ப நலத் திட்டத்தில் சேரும். இது வேறு. திட்டம் போட்டு, ஒத்திகை பார்த்து, சாட்சி வைத்துச் சொல்ல வேண்டிய பொய்.

காரணம் ஒரு வாளி.

எட்டே முக்காலுக்கு அவர் மனைவி துணி ஊறவைக்கக் குளியலறைக்குப் போனாள். நீல வாளியில் ஏற்கனவே ஏதோ ஊறிக்கொண்டிருந்தது. தலையணை உறையாக இருக்கும் என்று கையை விட்டாள். கையோடு வந்தது கல். வாளி நிறைய வினிகர், வினிகர் நிறைய கல்.

“ஏங்க, இது என்ன?”

“நண்டும்மா.”

“கல்லு.”

“உள்ளே நண்டு இருக்கு.”

“பார்த்தீங்களா?”

“இன்னும் பார்க்கல.”

“அப்போ கல்லு.”

இந்த வாதம் பதினோரு வருஷமாக இப்படியேதான் போய்க்கொண்டிருந்தது.

பல்செட்டுக்காரர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு பல் டாக்டரிடம் பின்கட்டு அறையில் உட்கார்ந்து பல்செட் செய்வது அவர் தொழில். ஊரில் பாதிப் பேர் அவர் தயவில்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குடி கிடையாது. சீட்டு கிடையாது. மற்ற வீட்டுப் புருஷன்மார் கள்ளால் கெட்டார்கள். இவர் கல்லால் கெட்டார்.

பஸ்ஸில் இருபது நிமிஷம் போனால் கடற்கரை. அதன் பின்னால் களிமண் மேடு ஒன்று சுவர் மாதிரி நிற்கும். மழையில் மேடு சரிந்தால் உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்து விழும். பார்வைக்கு உருளைக்கிழங்குக்கு அண்ணன் மாதிரி இருக்கும். ஆனால் சிலவற்றின் வயிற்றில் நண்டு உண்டு. லட்சோப லட்சம் வருஷத்துக்கு முன்னால் சேற்றில் புதைந்து, சேறு கல்லாகி, தானும் கல்லாகிப்போன நண்டு. ஓடு, கால், கொடுக்கு எல்லாம் கன்னங்கரேல் என்று மினுமினுக்கும்.

வெளியே எடுப்பதுதான் பாடு. கல் கொஞ்சம் இளக முதலில் வினிகரில் ஊறவைக்க வேண்டும். முனையில் அதிரும் பேனா மாதிரி ஒரு கருவி. அதை வைத்து நண்டை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் மணல் மணலாகக் கொத்தி எடுக்க வேண்டும். ஒரு நண்டுக்கு நூறு மணி நேரம். தொண்ணூற்றொன்பதாவது மணியில் கை ஒரு மயிரிழை நழுவினால் கொடுக்கு காலி. பதினோரு வருஷத்தில் அவர் வெளியே எடுத்தது ஒன்பது நண்டு. அதில் ஏழு நொண்டி. மீதி இரண்டும் நண்டா, மிதித்த எறும்பா என்று ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முன்பெல்லாம் டாக்டரின் பின்கட்டிலேயே கொத்திக்கொண்டிருந்தார். ஒரு தாத்தா புதுப் பல்செட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, “சோத்துல கல்லு இருந்தா பல்லு கடிக்கும். நீங்க பல்லுலயே கல்லு வெச்சுட்டீங்களே” என்று கேட்ட பிறகு டாக்டர் தடை போட்டுவிட்டார். கற்கள் வீட்டுக்கு வந்தன. கட்டிலுக்கடியில் வந்தன. செருப்பு அலமாரியில் செருப்பை வெளியேற்றிவிட்டு வந்தன. பின்னறை முழுக்க வந்தன. கடைசியில் வாளிக்கும் வந்துவிட்டன.

“இந்தாங்க” என்றாள் மனைவி, ஈரக் கையை உதறியபடி. “கல்லானாலும் கணவன்னு சொல்லிவெச்சாங்க. சரின்னு பொறுத்துக்கிட்டேன். கல்லுக்குக் கணவன்னு யாரும் சொல்லிவைக்கல. அந்தப் பின்னறையில ஒரு நாற்காலி போட்டு உட்காரணும்னு எனக்கு மூணு வருஷ ஆசை. அடுத்த ஞாயித்துக்கிழமை இந்த வீட்டுல ஒரு கல்லு இருக்கக் கூடாது. இருந்தா குப்பை வண்டியை நானே வாசல்ல நிறுத்துவேன்.”

சொன்னால் செய்பவள். தபால் ஆபீஸில் பார்சல் வாங்கும் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். தெருவில் அவளுக்கு ‘பார்சலம்மா’ என்றே பெயர். நூலைச் சரியாகக் கட்டாத பார்சலை அவள் திருப்பி நீட்டும்போது ஆறடி ஆள்கள்கூட “சரிங்கம்மா” என்று ஓரமாகப் போய்க் கட்டிக்கொண்டு வருவார்கள்.

எல்லாக் கல்லும் போனாலும் அவர் தாங்கியிருப்பார். தாங்க முடியாதது ஒன்று உண்டு. அறுபத்து நாலாவது கல். தேங்காய் அளவு. அதன் ஓரத்தில் கறுப்பாக, நகக்கண் அளவுக்கு, கொடுக்கின் நுனி தெரிந்தது. நுனியே அவ்வளவு கனம் என்றால் உள்ளே இருப்பவர் சாமான்யர் இல்லை. அவர் அதற்குப் ‘பெரியவர்’ என்று பெயர் வைத்திருந்தார். அருங்காட்சியகத்து மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டியபோது அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்கள்.

“ரெண்டு கொடுக்கும் முழுசா வந்துச்சுன்னா கொண்டுவாங்க சார். நுழைவாசல்ல ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காலியா வெச்சிருக்கேன். அதுக்குன்னே வெச்சிருக்கேன்.”

அவர் செய்த பல்செட்டெல்லாம் பிறர் வாய்க்குள்தான் இருந்தன. உலகம் பார்க்க ஒரு பொருள்கூட வெளியே இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதனுக்குக் கண்ணாடிப் பெட்டி ஆசை வருவது தப்பா?

யோசனை கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே இருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். வீட்டில் மட்டும் பின் சீட்டு.

“பல்செட்டு சார், ஒளிக்கிறதுன்னா கண்ணுக்கு முன்னாடி ஒளிக்கணும்” என்றார் டிரைவர். “உங்க வீட்டம்மா வாசல்ல பூச்செடி வெச்சிருக்காங்கல்ல? அதுக்குச் சுத்திவர வரப்புக் கல்லு வேணும்னு எத்தனை நாளா கேக்கறாங்க?”

“நாலு வருஷமா.”

“அப்புறம் என்ன? பழைய கல்லைக் கடல்ல கொட்டிட்டேன்னு சொல்லுங்க. புதுக் கல்லு கடையில வாங்கினேன்னு சொல்லுங்க. ரெண்டும் ஒரே கல்லுன்னு யாருக்குத் தெரியும்?”

“அவளுக்குத் தெரியுமே!”

“சுண்ணாம்பு அடிங்க சார். கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சா பெத்த மலைக்கே அடையாளம் தெரியாது. ஒவ்வொண்ணா எடுத்து என் ஸ்கூட்டர் ஷெட்டுல வெச்சுக் கொத்துங்க. முடிஞ்சதும் திரும்ப வரப்புல வெச்சிருங்க.”

பல்செட்டுக்காரர் டிரைவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

புதன்கிழமை மனைவி ஆபீஸ் போனதும் லீவு போட்டு வேலையில் இறங்கினார். அறுபத்து நாலு கல்லையும் ஷெட்டுக்குக் கடத்தினார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோட்டு வெள்ளை. மூச்சு முட்டியது. இடுப்பு ‘நான் வரவில்லை’ என்றது. சாயங்காலம் அவள் வரும்போது பூச்செடிகளைச் சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பல் வரிசை மாதிரி கற்கள் நின்றன. தொழில் புத்தி, இடைவெளி கூட இல்லாமல் அடுக்கியிருந்தார். பெரியவரை கேட் பக்கத்து மூலையில் கடைவாய்ப் பல்லாக வைத்திருந்தார்.

மனைவி கேட்டருகே நின்றுவிட்டாள்.

“என்னங்க இது?”

“உனக்குத்தான்” என்றார் அவர், ஒத்திகை பார்த்தபடியே, அவள் முகத்தை நேராகப் பார்த்து. “பழைய கல்லெல்லாம் கடல்ல கொட்டிட்டேன். மனசு மாறிட்டேன். இது கடையில வாங்கின கல்லு. நாலு வருஷமா கேட்டியே.”

“எல்லாத்தையும் கொட்டிட்டீங்களா?”

“ஒண்ணு விடாம.”

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். குனிந்து ஒரு கல்லைத் தூக்கினாள். திரும்ப வைத்தாள்.

“ரொம்ப நல்லா இருக்குங்க” என்றாள்.

அன்று சாயங்காலமே பின்னறையில் நாற்காலி ஏறியது. பல்செட்டுக்காரர் கண்ணாடி முன் நின்று தன்னைப் பார்த்துக்கொண்டார். இருபத்தாறு வருஷமாக இந்த மூளை எங்கே போயிருந்தது என்று ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு வாரம் அரச வாழ்க்கை. வேலை முடிந்து வந்ததும் வரப்பிலிருந்து ஒரு கல்லை உருவுவார். அந்த இடத்தில் வெள்ளையடித்த ஒரு செங்கல்லை வைப்பார். ஷெட்டில் ஒரு மணி நேரம் கொத்துவார். “எங்கே போனீங்க?” என்றால் “டிரைவர்கூடப் பேசிக்கிட்டிருந்தேன்.” பெரியவரை மட்டும் தொடவில்லை. சின்னக் கற்களில் கையைப் பழக்கிக்கொண்டு, கடைசியில் அவரிடம் போவதாகத் திட்டம்.

பதினைந்தாம் நாள் வீடு திரும்பியபோது கேட்டருகே ஒரு கொத்தனார் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பல்செட்டுக்காரரின் பார்வை பூச்செடிப் பக்கம் போனது. போனது திரும்பி வரவில்லை. ஒவ்வொரு கல்லின் காலடியிலும் சாம்பல் நிறத்தில் சிமெண்ட். ஈரமாக, மழமழவென்று, தேய்த்து விட்ட சிமெண்ட். அறுபத்து மூன்று கல்லும் ஒரு செங்கல்லும் ஈறில் பல் பதிந்த மாதிரி பதிந்து நின்றன.

“சார், நல்லாப் பாத்துக்குங்க” என்றார் கொத்தனார் பெருமையாக. “உங்க பேரன் காலத்துலகூட அசையாது.”

“யாரு… யாரு சொன்னது?”

“நான்தாங்க” என்று மனைவி படியிறங்கி வந்தாள். “தெருநாய் வந்து கல்லை உருட்டுது. தினம் ஒரு கல்லு இடம் மாறியிருக்கு பாருங்க. ஒரு நாள் கல்லு, ஒரு நாள் செங்கல்லு. நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தது வீணாப் போகலாமா?”

“நாய்… செங்கல்லு வைக்குமா?”

“அதான் நானும் ஆச்சரியப்பட்டேன்.”

“ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே!”

“எதுக்குங்க கேக்கணும்? வெறும் கல்லுதானே? உள்ளே ஏதாவது இருக்கா என்ன?”

வாயைத் திறந்தார். ‘நண்டு’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்து எட்டிப் பார்த்தது. சொன்னால், கடலில் கொட்டியது பொய். கடையில் வாங்கியது பொய். டிரைவரோடு பேசியது பொய். ஒரு நண்டுக்குப் பத்துக் கால் மாதிரி ஒரு பொய்க்குப் பத்துப் பொய் முளைத்திருந்தது. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“ஒண்ணும் இல்லை” என்றார்.

கல்லில் நார் உரிக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மறுநாளிலிருந்து பல்செட்டுக்காரர் சிமெண்டில் நார் உரித்தார். சுத்தியல் சத்தம் கேட்கும், கூடாது. கடப்பாரை பெரியவரையே பிளந்துவிடும், கூடாது. மிச்சம் இருந்தது பல் சுரண்டும் கொக்கி ஊசி ஒன்றுதான். கேட் மூலையில் குப்புறப் படுத்து, கொடுக்கு நுனி இருக்கும் பக்கமாகப் பெரியவரைச் சுற்றி ஊசியால் சுரண்டத் தொடங்கினார்.

“என்னங்க, கீழே படுத்திருக்கீங்க?”

“களை எடுக்கறேன்.”

சொன்ன மறுகணமே வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பார்சலம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“அட! கல்லு போனதும் எவ்வளவு பொறுப்பு வந்துடுச்சு!” உள்ளே போய் ஒரு தலையணை கொண்டுவந்தாள். “வயித்துக்கு வெச்சுக்கோங்க. சில்லுன்னு இருக்கும்.” மறுபடி போய்க் குடை கொண்டுவந்து அவர் தலைக்கு மேல் மண்ணில் நட்டாள். “அந்த மூலை முடிஞ்சதும் இந்தப் பக்கமும் எடுத்துடுங்க. ரோஜாவுக்கு அடியில புல்லு மண்டிக் கிடக்கு.”

ஆக, பெரியவரைச் சுரண்டக் கால் மணி. அதற்கு விலையாகப் புல் பிடுங்க முக்கால் மணி. மூன்றாம் நாள் கத்தரியைக் கொடுத்து வேலியை வெட்டச் சொன்னாள். ஐந்தாம் நாள், “எப்படியும் கீழே படுத்திருக்கீங்க, கேட்டுக்குக் கீழ்ப் பாதி பெயிண்ட் அடிச்சுடுங்களேன்” என்றாள். அடித்தார். சிமெண்டில் இதுவரை பெயர்ந்தது ஒரு டீஸ்பூன் இருக்கும்.

தெருவில் பேச்சாகிவிட்டது. சாயங்காலம் நடக்கப் போகிற பெண்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். தங்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்பி, “பல்செட்டுக்காரரைப் பாருங்க, மனுஷன் தரையோட தரையா உழைக்கறார்” என்றார்கள். ஏழாம் நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தலை எழுந்தது. டிரைவர். கையில் ஒரு பிடி கோரைப்புல்.

“சார், நல்லா இருப்பீங்களா நீங்க?”

“நான் என்ன செஞ்சேன்?”

“உங்களைக் காட்டிக் காட்டி என் வீட்டுக்காரி என்னை மண்ணுல இறக்கிட்டா. முப்பது வருஷம் சீட்டுல உட்கார்ந்த உடம்பு சார் இது! சீக்கிரம் அந்தக் கல்லை எடுத்துத் தொலைங்க!”

“வரமாட்டேங்குதே!”

“உண்மையைச் சொல்லிடுங்க சார்.”

“எந்த உண்மையை முதல்ல சொல்றது?”

டிரைவருக்கும் தெரியவில்லை. தலை கீழே இறங்கிவிட்டது.

ஒன்பதாம் நாள் அது நடந்தது.

வெயில் தாழ்ந்திருந்தது. முதுகு மரத்துப் போயிருந்தது. ஊசி சிமெண்டின் ஓரத்தில் ஒரு சின்ன இடுக்கைப் பிடித்தது. பிடித்ததும் ஆசை வந்தது. கொஞ்சம் அழுத்தினார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். முட்டை ஓடு உடைந்தால்கூட அதைவிடப் பெரிதாகக் கேட்கும்.

மண்ணில் கறுப்பாக ஏதோ விழுந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு. மறுபக்கம் மினுமினுப்பு. கொடுக்கின் நுனி.

யுகக்கணக்கில் கடல் உடைக்கவில்லை. மேடு சரிந்து உடையவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்து, பள்ளம் மேடெல்லாம் தன் தொடையில் வாங்கிக் கொண்டுவந்தார், அப்போதும் உடையவில்லை. புல் பிடுங்குகிறேன் என்று சொல்லி ஒரு முட்டாள் படுத்துச் சுரண்டியதில் உடைந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தார். தலையணையை மடியில் வைத்துக்கொண்டார். அழுகை வந்தது. சத்தமில்லாத அழுகை. ஐம்பத்து மூன்று வயசு ஆள், நட்டு வைத்த குடைக்குக் கீழே, பெயிண்ட் பட்ட சட்டையோடு, உள்ளங்கையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். பூக்கள் எல்லாம் அழகாக இருந்தன. களை ஒன்றுகூட இல்லை. அது வேறு வயிற்றெரிச்சலாக இருந்தது.

மனைவி வந்து பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

“என்னங்க ஆச்சு?”

“எல்லாம் நண்டு” என்றார் அவர்.

“ம்.”

“இந்த வரப்பு முழுக்க நண்டு. கடல்ல கொட்டல. கடையில வாங்கல. டிரைவர்கூட அரட்டை அடிக்கல, அவர் ஷெட்டுல கொத்திக்கிட்டிருந்தேன். நாயும் இல்ல. எல்லாம் பொய். இது பெரியவரோட கொடுக்கு. உடைச்சுட்டேன்.”

“தெரியும்” என்றாள்.

“உடைஞ்சதா?”

“எல்லாம்.”

“எப்போலேர்ந்து?”

“நீங்க கல்லு அடுக்கின அன்னிக்கே.”

பல்செட்டுக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “சுண்ணாம்பு ரெண்டு கோட்டு அடிச்சேனே! எப்படிக் கண்டுபிடிச்சே?”

“நான் கல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்கல. இருபத்திரண்டு வருஷமா பார்சல் வாங்கறேன். ‘உள்ளே என்ன இருக்கு?’ன்னு கேட்டா, உண்மையைச் சொல்றவங்க பார்சலைப் பார்த்துச் சொல்லுவாங்க. பொய் சொல்றவங்கதான் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுவாங்க.” அவர் சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். “பதினோரு வருஷத்துல அன்னிக்குத்தான் நீங்க என் முகத்தை நேரா பார்த்தீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

 கற்கள் இருந்த வீட்டில் அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று யோசித்துப் பார்த்தார். கட்டிலடியில் எந்தக் கல் எங்கே இருந்தது என்று வரிசையாகச் சொல்ல முடிந்தது. அவள் உட்காரும் இடம் ஞாபகம் வரவில்லை.

“தெரிஞ்சும் சிமெண்ட் போட்டுட்டியே” என்றார் மெல்ல. “அவ்வளவு கல்மனசா?”

“யாரு சிமெண்ட் போட்டா?”

எழுந்து போனாள். சுவரோரம் சாய்த்திருந்த கடப்பாரையைக் கொண்டுவந்து, பெரியவருக்குப் பின்பக்கம் ஓர் அடி தள்ளி மண்ணில் சொருகினாள். ஓர் அழுத்து. பெரியவர் அப்படியே ஏந்திய மாதிரி எழும்பி வந்தார், ஆறு வயசுக் குழந்தையின் பால் பல் மாதிரி. அடியில் வெறும் மணல். மேலே விரல் கனத்துக்கு மட்டும் சிமெண்ட் பூச்சு.

“எப்படியும் எடுக்க வேண்டிவரும்னு கொத்தனார்கிட்ட அப்பவே சொல்லிட்டேன். நீங்க மறுநாளே வந்து உண்மையைச் சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். ஒன்பது நாள் தாக்குப் பிடிப்பீங்கன்னு யாரு கண்டா? சரி, தோட்டமாவது சுத்தமாச்சு.”

“கொத்தனார் பேரன் காலம்னு சொன்னாரே!”

“நான்தான் சொல்லச் சொன்னேன்.”

அன்றைக்கே ஒப்பந்தம் ஆனது. பின்னறை அவளுக்கு. சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கும் தாழ்வாரம் அவருக்கு. கொத்துவது தினம் ஒரு மணி நேரம். வாளி நடுநிலைப் பிரதேசம், யாரும் கல் போடக் கூடாது. கடைசி ஷரத்தை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு அவளும் வருவாள். சும்மா, காற்று வாங்க. மூன்று மாசம் கழித்து, மழை ஓய்ந்த பிறகு.

அந்த மூன்று மாசமும் அவர் பெரியவரிடம் கழித்தார். உடைந்த நுனியைப் பசை வைத்து ஒட்டினார். பல் ஒட்டுகிற கை, ஒட்டு தெரியவே இல்லை. ஓடு வந்தது. என்ன ஓடு! எட்டுக் காலும் வந்தன. வலது கொடுக்கு வந்தது, குழந்தையின் முஷ்டி அளவுக்கு. இடது பக்கம் போனார். கொத்தினார். மணல் மணலாகக் கொத்தினார். கல் தீர்ந்துவிட்டது. கொடுக்கு இல்லை. உடைத்ததும் இல்லை, தொலைத்ததும் இல்லை. முதலிலிருந்தே இல்லை. சேற்றில் புதைவதற்கு முன்னாலேயே ஏதோ சண்டையில் அதைப் பறிகொடுத்திருக்கிறார்.

பெரியவருக்கும் அந்தக் காலத்திலேயே கல்யாணம் ஆகியிருக்கும் என்று பல்செட்டுக்காரருக்குத் தோன்றியது.

“அடடா” என்றார்கள் அருங்காட்சியகத்து மேடம். பெட்டி காலியாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து தாழ்வாரத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். “நாளைக்கு ஞாயித்துக்கிழமை” என்றாள்.

“நான் வரல. போதும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.”

“கொடுக்குக்கு ஏது கொடுப்பினை? கிளம்புங்க. எனக்குக் காத்து வேணும்.”

போனார்கள். அவர் வழக்கப்படி குனிந்து, ஒவ்வொரு கல்லாகத் தட்டி, காதில் வைத்துக் கேட்டு, பையில் போட்டுக்கொண்டே போனார். அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நடந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் பையை எட்டிப் பார்த்தாள்.

“இதையெல்லாம் எதுக்கு எடுக்கறீங்க? ஒண்ணுலயும் ஒண்ணும் இல்லையே.”

“உனக்கு எப்படித் தெரியும்? இதுக்குன்னு ஒரு அனுபவம் வேணும்மா. பதினோரு வருஷம்…”

“நனைஞ்சு அழிஞ்ச விலாசத்தையெல்லாம் படிக்கிற கண்ணுங்க இது. ஓரத்துல மயிர் மாதிரி ஒரு கறுப்புக் கோடாவது இருக்கணும்ல? இதுல எதுலயும் இல்ல. அதோ, உங்க காலுக்கடியில மிதிச்சுக்கிட்டிருக்கீங்களே, அதுல இருக்கு.”

காலை எடுத்தார். மாம்பழம் அளவுக்கு ஒரு கல். கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கோடு ஒன்று தெரிந்த மாதிரி இருந்தது. தெரியாத மாதிரியும் இருந்தது. வாதம் செய்யத் தெம்பில்லாமல் பையில் போட்டார்.

பையிலிருந்த மற்ற பதினேழு கல்லும் வெறும் கல். அந்த ஒரு கல்லில் நண்டு இருந்தது. எட்டுக் கால், ஓடு, கண் இருந்த குழிகள்கூட. வலது கொடுக்கு. இடது கொடுக்கு. இரண்டும் முழுசாக, வா சண்டைக்கு என்பது போல விரிந்து நின்றன. நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் கொத்தியது அவர்தான். ஒரு மயிரிழைகூட நழுவவில்லை. அருங்காட்சியகத்து மேடம் பெட்டியைத் திறந்து தன் கையாலேயே வைத்தார்கள். பிறகு, “இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார்கள். பல்செட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆனால் மேடம் கேட்டது அவரிடம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று கல் எடுத்தாள். மூன்றிலும் நண்டு. அதற்கடுத்த வாரம் இரண்டு. அதில் ஒன்று, இதுவரை யாரும் பார்க்காத வகையாகக்கூட இருக்கலாம் என்று மேடம் பூதக்கண்ணாடியை விட்டு எடுக்காமல் சொன்னார்கள். பின்னறை நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை வந்தது. மேஜை மேல் கற்கள் வந்தன. மனைவி அவற்றுக்குச் சீட்டு ஒட்டி, நூல் கட்டி, வரிசை எண் போட்டு வைத்தாள். வாளியில் ஒரு நாள் கை விட்டால் வினிகர். பல்செட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. ஒப்பந்தத்தை யார் மீறினாலும் அதைக் கேட்கிற அதிகாரம் ஒருவருக்குத்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. அவர் எடுத்தார்.

“சார், நான் அருங்காட்சியகத்துலேர்ந்து பேசறேன். வெளியூர்லேர்ந்து ஆராய்ச்சி பண்றவங்க நாலு பேர் வந்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை கடற்கரைக்குப் போறோம். வேன் சொல்லியாச்சு.”

பல்செட்டுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆராய்ச்சியாளர்கள்! வேன்! பதினோரு வருஷம் வீண் போகவில்லை.

“தாராளமா மேடம். நான் காலையில ஆறு மணிக்கே தயாரா இருப்பேன்.”

“அம்மாவை ஆறு மணிக்குத் தயாரா இருக்கச் சொல்லுங்க சார். அவங்கதான் காட்டித் தரணும்.”

“ஓ… அப்போ, நானு?”

மறுமுனையில் யாரிடமோ ஏதோ கேட்பது காதில் விழுந்தது.

“நீங்களும் வாங்க சார்” என்றார்கள் மேடம் அன்பாக. “கல்லு தூக்க ஆள் வேணும்.”